பிரியாத கலவை: லேப்பில் எது சிக்கினால் எங்கிருந்து பார்ப்பது

பிராக்டிக்கல் மூன்றாவது மணி நேரத்தைத் தொடும்போது யாராவது ஒருவர் பீக்கரைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிடுவார். "சார், வரவே இல்லை சார்." வராதது சில நாள் படிகம், சில நாள் பிரிபுனலின் (கலக்காத இரண்டு திரவங்களைப் பிரிக்கும் புனல்) கீழ் அடுக்கு, சில நாள் கண்டென்சர் (ஆவியைக் குளிரவைக்கும் குழாய்) நுனியில் விழ வேண்டிய முதல் சொட்டு. கல்லூரி வேதியியல் லேப்பில் இதே ஏழெட்டுக் கோளாறுகளைத்தான் வருஷா வருஷம் சரிசெய்துகொண்டிருக்கிறேன். அதனால் அறிகுறிவாரியாக எழுதி வைத்துவிட்டேன். காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில். ஏன் அப்படி நடக்கிறது என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: வேலை முடிந்து எடை போடும்வரை எதையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். போட்ட பொருள் ஏதோ ஒரு பாத்திரத்தில்தான் இருக்கும். ஒரு மாணவி குளோரோபார்மில் இரண்டு மணி நேரம் பிரித்தெடுத்துவிட்டு, "ஆர்கானிக் அடுக்கு எப்போதும் மேலேதானே" என்று கீழ் அடுக்கைத் திறந்துவிட்டார். குளோரோபார்மின் அடர்த்தி 1.49, தண்ணீரைவிடக் கனம், கீழேதான் தங்கும். அவருடைய பொருள் முழுக்கச் சாக்கடைக்குப் போயிற்று. நான் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பீக்கரில் பெயர் எழுதி ஓரமாக வைத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

## அறிகுறி 1: வடிகட்டி நகரவே இல்லை

முதலில் காகிதத்தைப் பாருங்கள். காகிதம் நனைந்து புனலோடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் காற்று இருந்தால் புனல் காம்பில் நீர்த்தம்பம் நிற்காது, சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். வடிகட்டப்போகும் கரைப்பானாலேயே காகிதத்தை நனைத்து விரலால் அழுத்துங்கள். காம்பின் நுனி பீக்கர் சுவரைத் தொடட்டும். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, மண்டியை முதலில் கொட்டினீர்களா? கலக்கி மொத்தமாக ஊற்றினால் மண்டி போய்க் காகிதத்தை அடைத்துக்கொள்ளும். தெளியவிட்டு, மேலே இருக்கும் தெளிவை முதலில் ஊற்றுங்கள். மண்டி கடைசியில் வரட்டும்.

காகித எண் சரிதானா? வாட்மேன் 41 வேகமானது, துளை 20 மைக்ரானுக்கு மேல். 42 மெதுவானது, துளை இரண்டரை மைக்ரான். எடை பார்க்கும் பேரியம் சல்பேட்டுக்கு 42 வேண்டும். மணலும் உப்பும் பிரிக்க 42-ஐப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் மணி அடித்துவிடும். பொருள் வேண்டாம், வடிநீர் மட்டும் போதும் என்றால் காகிதத்தை விசிறி மடிப்பாக மடித்துப் போடுங்கள். எவ்வளவு வேகம் கூடுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

சூடான கரைசல் பாதியில் நின்றுவிட்டதா? காம்பைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் படிகம் அடைத்திருக்கும். பென்சாயிக் அமிலத்துக்கு இது வாடிக்கை. காம்பு இல்லாத புனலை எடுத்து, அதைக் கொதிக்கும் பீக்கரின் ஆவியில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு ஊற்றுங்கள். அடைத்த படிகம் எங்கும் போகாது. கொஞ்சம் வெந்நீர் விட்டால் கரைந்து இறங்கிவிடும்.

புக்னர் புனலில் (அடியில் துளைத்தட்டு உள்ள, உறிஞ்சி வடிகட்டும் புனல்) உறிஞ்சலே இல்லையென்றால் மூன்று இடம் பார்க்க வேண்டும். காகிதம் எல்லாத் துளைகளையும் மூடி, சுவரில் ஏறாமல் தட்டையாக இருக்கிறதா? ரப்பர் வளையம் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா? குழாய் தடித்த சுவர் உள்ளதா, இல்லை கேஸ் பர்னர் குழாயைச் செருகி அது உறிஞ்சலில் சப்பிப்போய்க் கிடக்கிறதா? மூன்றும் சரி என்றால் குழாயடிக்குப் போங்கள். எங்கள் லேப் மேல்மாடியில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியோ தலைக்கு மேலே சில அடி உயரத்தில். கீழே எந்த வகுப்பாவது குழாயைத் திறந்தால் எங்கள் ஆஸ்பிரேட்டர் (குழாய்த் தண்ணீர் ஓட்டத்தால் காற்றை உறிஞ்சும் கருவி) செத்துவிடும். அப்படிப்பட்ட லேப்பில் தண்ணீர் ஆஸ்பிரேட்டரை நம்பாமல் ஒரு சின்ன வேக்குவம் பம்ப் கேட்டு எழுதிப் போடுவதுதான் வழி. பம்ப் இருந்தும் இழுக்கவில்லை என்றால் எண்ணெய் அளவையும் நிறத்தையும் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் ஆவி உள்ளே போயிருக்கிறது, எண்ணெய் மாற்ற வேண்டும். மாற்றியும் இழுக்காவிட்டால் பம்பை நீங்கள் பிரிக்க வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆஸ்பிரேட்டர் ஓடும்போது குழாயை மூடாதீர்கள். முதலில் பிளாஸ்க்கிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றுங்கள், அப்புறம் தண்ணீரை நிறுத்துங்கள். மாற்றிச் செய்தால் குழாய்த் தண்ணீர் திரும்பி உங்கள் வடிநீருக்குள் பாயும்.

## அறிகுறி 2: வடிநீர் கலங்கலாக வருகிறது

அதையே திரும்ப ஊற்றுங்கள். காகிதத்தில் மண்டி ஒரு படலமாகப் படிந்த பிறகு அதுவே நல்ல வடிகட்டி. இரண்டாவது முறை பெரும்பாலும் தெளிந்துவிடும்.

காகிதம் கிழிந்ததா? கூம்பின் நுனியில் ஒரு பொட்டு ஓட்டை போதும். கண்ணாடிக் குச்சியால் குத்திக் கிளறியவர்களுக்கு இது நிச்சயம்.

சுடச்சுட வீழ்படிய வைத்தீர்களா? பேரியம் சல்பேட்டைக் குளிர்ந்த கரைசலில் சட்டென்று கொட்டி வீழ்த்தினால் மாவு போல நைந்துபோய் எந்தக் காகிதத்திலும் நுழையும். சூடான, நீர்த்த கரைசலில், குச்சியால் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாகப் பேரியம் குளோரைடை விட வேண்டும். விட்ட பிறகு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வாட்டர் பாத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கிடக்கட்டும். ஏற்கெனவே வீழ்ந்துவிட்டதா? அதையும் வாட்டர் பாத்தில் வையுங்கள், பெரிதும் தேறும்.

கழுவும்போதுதான் கலங்க ஆரம்பித்ததா? வெறும் தண்ணீரில் கழுவுகிறீர்கள். சில்வர் குளோரைடை வெறும் நீரில் கழுவினால் அது மறுபடி கூழ்மமாகி, அதாவது நுண்துகளாகச் சிதறி, காகிதம் தாண்டிவிடும். சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்த நீரில் கழுவுங்கள்.

தண்ணீர் மேலேயே சந்தேகமா? எங்கள் பக்கம் போர் தண்ணீர்தான். 'டிஸ்டில்டு வாட்டர்' என்று எழுதிய கேனில் யாரோ அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்த கதையும் உண்டு. சோதனைக் குழாயில் கேன் தண்ணீர் கொஞ்சம் எடுத்து, இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட். வெண்மையாகக் கலங்கினால் கேனைக் கொட்டிவிடுங்கள். நான் சொன்ன சிங்க் விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு.

## அறிகுறி 3: பிரிபுனலில் அடுக்கு பிரியவில்லை

என்னிடம் வரும் வழக்குகளில் அதிகம் இதுதான். அதிலும் டீத்தூளிலிருந்து கேஃபீன் எடுக்கும் நாளில் வரிசையே நிற்கும். டீத்தூளைச் சோடியம் கார்பனேட் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, டைகுளோரோமீத்தேன் விட்டுக் குலுக்குகிறார்கள். குலுக்குவது என்றால் சாதாரணக் குலுக்கல் இல்லை, மருந்து பாட்டிலை ஆட்டுகிற ஆட்டல். பிரிபுனலைத் தாங்கியில் மாட்டிப் பார்த்தால் மேலே பழுப்பு, கீழே கொஞ்சம் தெளிவு, நடுவில் நாலு விரல் தடிமனுக்கு டீ நுரை போல ஒரு கஞ்சி. அரை மணி போனாலும் அப்படியே நிற்கும். இதுதான் பால்மம்: ஒரு திரவம் இன்னொன்றில் நுண்சொட்டுகளாகச் சிதறி நிற்பது.

ஒன்றும் செய்யாமல் பத்து நிமிஷம் விடுங்கள். மாணவர்களுக்கு இதுதான் ரொம்பக் கடினம். மூடியைக் கழற்றிவிட்டு, புனலை மெல்ல வட்டமாகச் சுழற்றுங்கள். நடு அடுக்கைக் கண்ணாடிக் குச்சியால் மெதுவாகத் தடவிக் கொடுத்தால் குமிழிகள் உடைந்து இறங்கும்.

அப்புறம் உப்பு. தெவிட்டிய உப்புக் கரைசல் பத்து, இருபது மி.லி. விடுங்கள். 100 மி.லி. நீருக்கு 36 கிராம் உப்பு என்று ஒரு பாட்டில் எப்போதும் தயாராக இருக்கட்டும். டீக் கஞ்சி பெரும்பாலும் இதில் உடையும். உப்பு நம் ஊரில் மலிவு, கூச்சப்படாமல் விடலாம்.

அதுவும் போதவில்லையா? புனலின் உள்ளே இருப்பதை முழுக்க ஒரு பஞ்சு அடைத்த சாதாரணப் புனல் வழியே இறக்குங்கள். பஞ்சை முதலில் டைகுளோரோமீத்தேனில் நனைத்துக்கொள்ள வேண்டும். நுரையைப் பிடித்து வைத்திருப்பது பல நேரம் நுண்ணிய தூள்தான், அது பஞ்சில் நின்றுவிடும். டீத்தூள் ரகத்துக்கும் இதில் பங்கு உண்டு. டஸ்ட் டீயைவிட இலையாக இருப்பது கஞ்சி கட்டுவது குறைவு. நான் இப்போது பையில் கட்டிய டீயாகத்தான் வாங்கச் சொல்கிறேன்.

எத்தனாலும் மையச்சுழற்சியும். சில சொட்டு எத்தனால் விட்டுப் பார்க்கலாம். பயோ டிபார்ட்மென்ட்டில் சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் சோதனைக் குழாய்களில் பிரித்து ஊற்றி ஐந்து நிமிஷம் சுற்றவிடலாம். குழாய்களை எதிரெதிரே எடை சமமாக வைக்கவேண்டும். பிளாஸ்டிக் குழாய் என்றால் உங்கள் கரைப்பான் அதைக் கரைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டைகுளோரோமீத்தேன் சில பிளாஸ்டிக்கைப் பாகாக்கிவிடும்.

அடுத்த தடவை பால்மமே வராமல் இருக்க ஒரே வழி, குலுக்காமல் உருட்டுவது. புனலைப் படுக்கவைத்து, இரண்டு கையாலும் பிடித்து, சப்பாத்தி மாவு உருட்டுவது போல மெல்ல முன்னும் பின்னும். மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பான் விட்டு உருட்டினால் ஒரே தடவையில் கொட்டிக் குலுக்குவதைவிட அதிகம் வரும்.

### கிளை: எது எந்த அடுக்கு என்று தெரியவில்லை

ஊகிக்காதீர்கள். பிப்பெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து மேல் அடுக்கில் விடுங்கள். சேர்ந்துபோனால் மேலே இருப்பது நீர். உருண்டையாகிக் கீழே இறங்கினால் மேலே இருப்பது கரைப்பான். மனப்பாடம் வேண்டுமென்றால்: ஈதர் 0.71, எத்தில் அசிட்டேட் 0.90, இரண்டும் மிதக்கும். டைகுளோரோமீத்தேன் 1.33, குளோரோபார்ம் 1.49, இரண்டும் மூழ்கும். அடுக்கு எதுவானாலும் இரண்டையும் பெயர் எழுதி வையுங்கள்.

### கிளை: திறந்தாலும் இறங்கவில்லை

மேல் மூடியைக் கழற்றவில்லை. வேறு காரணம் தேட வேண்டாம். கழற்றியும் இறங்காவிட்டால் ஸ்டாப்காக் (புனலின் கீழே திறந்து மூடும் திருகு) துளையில் கிரீஸ் அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் எடுத்துவிடலாம்.

### கிளை: ஸ்டாப்காக் ஒழுகுகிறது, அல்லது திரும்பவே இல்லை

ஒழுகினால் துடைத்து, கண்ணாடி ஸ்டாப்காக்கில் இரண்டு பக்கமும் மெல்லிய கோடாக கிரீஸ் தடவுங்கள், துளைப் பக்கம் வேண்டாம். டெஃப்ளான் ஸ்டாப்காக்குக்கு கிரீஸே வேண்டாம், திருகு வளையத்தை இறுக்கினால் போதும். ஒரு புனலின் ஸ்டாப்காக்கை இன்னொன்றில் போட்டிருந்தால் என்ன செய்தாலும் ஒழுகும். நூலால் கட்டி வைப்பது இதற்காகத்தான்.

இறுகிப்போனதா? காரம் பட்டுக் கழுவாமல் வைத்தால் கண்ணாடி கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். சோப்பு நீரில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள், வெளிப்பக்கத்தை மட்டும் வெந்நீரில் காட்டுங்கள், மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். இதற்கு மேல் பலம் போட்டுத் திருகாதீர்கள். துண்டு கட்டிக்கொண்டு திருகிய ஒருவருக்கு உள்ளங்கையில் ஐந்து தையல். கண்ணாடி ஊதுபவரிடம் கொடுத்தால் சூடு காட்டிக் கழற்றித் தருவார், புதிது வாங்குவதைவிட மலிவு.

### கிளை: மூடி தெறிக்கிறது

சோடியம் பைகார்பனேட்டால் கழுவினால் வாயு வரும். மூடாமல் முதலில் சுழற்றி, நுரை அடங்கிய பின் மூடி, தலைகீழாக்கி உடனே ஸ்டாப்காக்கைத் திறந்து விடுங்கள், முகத்துக்கு எதிர்ப்பக்கமாக.

இதில் எங்கள் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. மே மாசம் மதியம் லேப் உள்ளே 36, 37 இருக்கும். அதாவது பாட்டிலுக்குள் ஈதர் கொதிக்கக் காத்துக்கொண்டிருக்கிறது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய செய்முறைப் புத்தகம் "அறை வெப்பநிலை" என்று சொன்னால் அது 20 டிகிரி. பாட்டிலை ஐஸில் கால் மணி வைத்துவிட்டுத் திறங்கள், பக்கத்தில் எந்தப் பர்னரும் எரியக் கூடாது.

பழைய ஈதர் பாட்டில் மூடியைச் சுற்றியோ அடியிலோ படிகம் தெரிந்தால் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள், திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். அது பெராக்சைடு, வெடிக்கும். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு துறைத் தலைவரிடம் சொல்லுங்கள். இது நாம் சரிசெய்கிற கோளாறு இல்லை.

## அறிகுறி 4: ஆறவைத்தும் படிகம் வரவில்லை

முதல் கேள்வி: எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள்? பத்தில் ஒன்பது பேர் அதிகம் விட்டிருப்பார்கள். பென்சாயிக் அமிலம் 100 மி.லி. கொதிநீரில் 5 கிராமுக்கு மேலேயே கரையும். அதே தண்ணீர் 25 டிகிரிக்கு வந்தால் 0.34 கிராம்தான் தாங்கும். அந்த வித்தியாசம்தான் உங்கள் படிகம். 5 கிராமுக்கு 400 மி.லி. ஊற்றினால் ஒன்றேகால் கிராமுக்கு மேல் கரைசலிலேயே தங்கிவிடும், சூடான லேப்பில் இன்னும் அதிகம். பர்னரில் வைத்துப் பாதியாகச் சுண்டவையுங்கள், திரும்ப ஆறவிடுங்கள். பொருள் எங்கும் போகவில்லை.

தண்ணீர் சரிதான், இருந்தும் தெளிவாகவே நிற்கிறது. கண்ணாடிக் குச்சியை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பீக்கர் சுவரில் கீச்சுக் கீச்சென்று உரசுங்கள். ஒரு நிமிஷத்தில் உரசின கோட்டில் வெள்ளை வரும். அல்லது பழைய பேட்ச் படிகம் ஒரு துணுக்கைப் போடுங்கள். கடைசியாக ஐஸ்.

படிகத்துக்குப் பதில் எண்ணெய் இறங்குகிறது. அசிட்டனிலைடு செய்பவர்களுக்கு இது தவறாது. அதன் உருகுநிலை 114 டிகிரி என்றாலும், தண்ணீரில் செறிவு அதிகமாக இருந்தால் 83 டிகிரிக்கு மேல் எண்ணெய்ச் சொட்டாகப் பீக்கர் அடியில் உருளும். அதைக் கரையாத அழுக்கு என்று நினைத்துப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள், அதுதான் சரக்கு. திரும்பச் சூடேற்றி, எண்ணெய் மறையும்வரை கொஞ்சம் வெந்நீர் சேர்த்து, மெதுவாக ஆறவிடுங்கள். ஐஸில் சட்டென்று வைத்தால் எண்ணெய் அப்படியே கட்டியாகி அழுக்கையும் உள்ளே மூடிக்கொள்ளும்.

மஞ்சளாக வந்திருக்கிறது. கரி போடலாம், பொருளின் எடையில் நூற்றுக்கு ஒன்று இரண்டு, அதற்கு மேல் போட்டால் பொருளையும் சேர்த்து விழுங்கிவிடும். கரைசல் கொதிக்கும்போது கரியைப் போடாதீர்கள், பொங்கி மேஜை முழுக்கக் கறுப்பாகும். அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கின பின் போட்டு, திரும்ப ஏற்றுங்கள்.

சமையல் உப்பு என்றால் ஆறவைத்துக் காத்திருக்கவே வேண்டாம். பூஜ்யம் டிகிரியில் 100 மி.லி. நீர் 35.7 கிராம் தாங்கும், 100 டிகிரியில் 39. ஆறவைத்துக் கிடைப்பது மூன்று கிராமுக்குச் சற்று மேல். உப்பளத்தில் செய்கிற மாதிரி நீரை வற்றவிட வேண்டியதுதான். பொட்டாசியம் நைட்ரேட் (வெடியுப்பு) நேர் எதிர், ஆறினாலே கொட்டும். உப்பும் வெடியுப்பும் கலந்து கொடுத்திருந்தால் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

மோர் உப்பு (பெர்ரஸ் சல்பேட்டும் அம்மோனியம் சல்பேட்டும் சேர்ந்த படிகம்) பழுப்பாகிவிட்டது. இளம்பச்சை வர வேண்டியது. பெர்ரஸ் சல்பேட்டைக் கரைக்கும் தண்ணீரில் முதலில் நீர்த்த கந்தக அமிலம் விட்டீர்களா? பாட்டிலில் இருந்த பெர்ரஸ் சல்பேட்டே மேலே பழுப்புத் தூள் படிந்து கிடந்ததா? பச்சைக் கட்டிகளைப் பொறுக்கி எடுங்கள். நீண்ட நேரம் கொதிக்கவிட்டாலும் பழுப்பாகும். இது பெரும்பாலும் திரும்பி வராது. புதிதாகத் தொடங்குவதே நேரம் மிச்சம்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பற்றி மட்டும் ஒரு வார்த்தை: படிகத்தைத் தீயில் காயவைக்காதீர்கள். நீர் போய் வெள்ளையாகிவிடும். பில்டர் பேப்பர் நடுவில் வைத்து அழுத்தினால் போதும்.

## அறிகுறி 5: காய்ச்சி வடித்தல் தகராறு

ஒரு சொட்டும் வரவில்லை. பிளாஸ்க்கில் கொதிக்கிறதா என்று பாருங்கள். கொதித்தும் வரவில்லை என்றால் ஆவி பாதி வழியிலேயே குளிர்ந்து திரும்புகிறது. பிளாஸ்க் கழுத்தையும் தூணையும் பஞ்சு, மேலே அலுமினியத் தாள் சுற்றி மூடுங்கள். மின்விசிறி நேரே அடிக்கிறதா? நிறுத்துங்கள். எங்காவது கரைப்பான் வாடை அடித்தால் இணைப்பு கசிகிறது. முதலில் பர்னரை அணையுங்கள், அப்புறம்தான் இணைப்பைத் தொட வேண்டும்.

கண்டென்சர் நுனியில் ஆவியாகவே வெளியே வருகிறது. தண்ணீர் கீழிருந்து நுழைந்து மேலே வெளியேற வேண்டும். மாற்றிச் செருகினால் கண்டென்சரின் வெளிச்சட்டை நிறையாது. சரியாகச் செருகியும் குளிரவில்லை என்றால் சட்டையின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கும், போர் தண்ணீர் வேலை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நிரப்பிக் கொஞ்ச நேரம் வைத்தால் நுரைத்துக் கரைந்துவிடும். 150 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பொருளுக்குத் தண்ணீர்க் கண்டென்சர் வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். வெறும் காற்றுக் குழாய் போதும்.

திடீர் திடீரென்று குதிக்கிறது. ஓட்டுச் சில்லு (கொதியைச் சீராக்கும் சிறு துண்டு) போடவில்லை. ஆறவிட்டுப் போடுங்கள். சூடாக இருக்கும்போது போட்டால் மொத்தமாகப் பொங்கும். ஒரு முறை ஆறிய சில்லு அடுத்த முறைக்கு உதவாது, புதிதாகப் போட வேண்டும்.

வெப்பமானி தப்பாகக் காட்டுகிறது. குமிழின் மேல் விளிம்பு பக்கக் குழாயின் கீழ் விளிம்புக்கு நேராக இருக்கட்டும். மேலே தூக்கியிருந்தால் குறைத்துக் காட்டும். திரவத்துக்குள் இறக்கியிருந்தால் கூட்டிக் காட்டும். இடம் சரி என்றால் கொதிநீரில் வைத்துச் சோதியுங்கள். ஊட்டியில் படிக்கிறீர்கள் என்றால் 100-ஐ எதிர்பார்க்காதீர்கள். 2240 மீட்டர் உயரத்தில் நீர் 93 டிகிரிக்குக் கிட்டத்தட்டவே கொதிக்கும். ஒரு ஊட்டி மாணவர் இதனால் மூன்று வெப்பமானி மாற்றிவிட்டார்.

இரண்டு திரவமும் சேர்ந்தே வருகிறது. வேகத்தைக் குறையுங்கள், இரண்டு வினாடிக்கு ஒரு சொட்டு. கொதிநிலைகளுக்கு நடுவில் 25 டிகிரிகூட இல்லையென்றால் வெறும் பிளாஸ்க் போதாது, கண்ணாடி மணி நிரப்பிய பின்னத் தூண் வேண்டும். அசிட்டோன் 56-ல் வரும், நீர் 100-ல். நடுவில் பாத்திரத்தை மாற்றி, நடுப்பகுதியைத் தனியாக வையுங்கள், அதைத் திரும்ப வடிக்கலாம். ஆனால் எத்தனாலும் நீரும் என்றால் ஒரு எல்லை இருக்கிறது. 78.2 டிகிரியில் எடைக்கு 95.6 சதவீதம் வந்ததும் நின்றுவிடும், எத்தனை தூண் வைத்தாலும் மேலே ஏறாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் சுட்ட சுண்ணாம்பு போட்டு ஊறவைத்து வடிக்க வேண்டும்.

ஹீட்டிங் மேன்டில் (பிளாஸ்க்கைச் சூடாக்கும் மின்கிண்ணம்) சூடாகவில்லை, அல்லது கையில் ஷாக் அடிக்கிறது. பிளக்கைப் பிடுங்குங்கள். அதில் திரவம் கொட்டியிருந்தால் காய்ந்த பின்னும் நீங்களாகச் செருகாதீர்கள், எலக்ட்ரீசியன் பார்க்கட்டும். பிளாஸ்க் அடியில் நட்சத்திர விரிசல் தெரிந்தால் இன்னொரு முறைகூட அதைப் பயன்படுத்த வேண்டாம்.

## அறிகுறி 6: பதங்கமாக்கினால் அறையே புகை

பதங்கமாக்கல் என்றால் திடப்பொருளை உருகாமல் நேரே ஆவியாக்கித் திரும்பப் பிடிப்பது. பீங்கான் கிண்ணத்தின் மேல் கவிழ்த்த புனலின் காம்பில் பஞ்சு வைக்கவில்லை, தீயும் பெரிது. பஞ்சு வையுங்கள், சின்னச் சுடர், புனல் மேல் ஈரத்துணி. இவ்வளவுதான்.

## அறிகுறி 7: காகித வண்ணப்பிரிகையில் நிறம் பிரியவில்லை

மை நகரவே இல்லை. எந்தப் பேனா? பால்பாயின்ட் மை தண்ணீரில் நகராது, பல ஜெல் பேனாக்களும் அப்படித்தான். கறுப்பு ஸ்கெட்ச் பேனா வாங்குங்கள், அழகாகப் பிரியும். பர்மனன்ட் மார்க்கர்தான் இருக்கிறது என்றால் கரைப்பானை எத்தனாலுக்கு மாற்றுங்கள்.

அடிக்கோடும் சேர்ந்து ஓடியது. பேனாவால் கோடு போட்டீர்கள். பென்சில்தான் போட வேண்டும்.

பாத்திரத்துத் திரவமே நிறமாகிவிட்டது. பொட்டு திரவத்துக்குள் மூழ்கியிருக்கிறது. கோடு அடியிலிருந்து இரண்டு செ.மீ. மேலே, திரவம் ஒரு செ.மீ. உயரம்.

வால் நீட்டி இழுக்கிறது. பொட்டு பெரிது. நுண்குழாயால் ஒரு சொட்டு, காயவிட்டு, அதே இடத்தில் இன்னொன்று. இரண்டு மி.மீ. தாண்டக் கூடாது.

ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் நிற்கிறது. காகிதம் சுவரைத் தொடுகிறது, அல்லது ஜாடி மூடவில்லை. உள்பக்கம் ஒரு பில்டர் பேப்பரைக் கரைப்பானில் நனைத்து ஒட்டி, மூடி, பத்து நிமிஷம் விட்ட பிறகு தொடங்குங்கள். கீரை இலைக்கு பெட்ரோலியம் ஈதர் ஒன்பது பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு. மஞ்சள் கரோட்டின் எல்லாவற்றுக்கும் மேலே போய் நிற்கும், பச்சை கீழே.

அமினோ அமிலத்துக்கு நின்ஹைட்ரின் (அமினோ அமிலத்தை ஊதாவாகக் காட்டும் கரைசல்) தெளித்துச் சூடேற்றியபோது, பொட்டு இல்லாத இடத்தில் ஊதா நிறத்தில் ஐந்து விரல் ரேகை வந்துவிட்டதா? உங்கள் விரல்தான். வேர்வையில் அமினோ அமிலம் உண்டு. காகிதத்தை ஓரத்தில் இடுக்கியால் பிடியுங்கள்.

## அறிகுறி 8: பிரிந்துவிட்டது, ஆனால் உருகுநிலை குறைகிறது

பென்சாயிக் அமிலம் 122-ல் உருக வேண்டும். உங்களுடையது 112-ல் தொடங்கி 119 வரை இழுக்கிறது. முதலில் ஈரம்: நசுக்கிப் பேப்பரில் பரப்பி, மறுநாள் திரும்பப் பாருங்கள். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகும். அடுத்து வேகம்: கடைசிப் பத்து டிகிரியை நிமிஷத்துக்கு ஒன்று இரண்டு என்று ஏற்றுங்கள், அவசரமாக ஏற்றினால் சூடேற்றும் எண்ணெய்க்கும் வெப்பமானிக்கும் ஒத்துப்போகாது. இரண்டும் சரி என்றால் இன்னும் கலவைதான், மறுபடி படிகமாக்குங்கள்.

உருகுநிலை அச்சு அசலாக வந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், பாட்டிலில் உள்ள சுத்தமான சரக்கோடு உங்கள் தூளைச் சரிபாதி அரைத்து, மூன்று நுண்குழாய்களில் அடையுங்கள்: உங்களுடையது, பாட்டிலுடையது, இரண்டும் கலந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் உருகினால் ஒரே பொருள். யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியாக 133-ல் உருகும், கலந்தால் வெகுவாக இறங்கிவிடும். மூன்றையும் ஒரே ரப்பர் வளையத்தில் வெப்பமானியோடு கட்டிவிடுங்கள். வளையம் எண்ணெய்க்கு மேலேயே இருக்கட்டும், சூட்டில் அறுந்தால் மூன்று குழாயும் அடியில் போய்க் கிடக்கும்.